வாசகர் கேள்வி–பதில்: முள்கம்பியில் சிக்கிய முடி யாருடையது?

இம்மாதம் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே ஒரு கொத்து முடியைப் பற்றியவை. சுங்கை சிப்புட்டை அடுத்த தோட்டமொன்றில், ஆட்டுக் கொட்டகையின் பின்புற முள்கம்பியில் சிக்கியிருந்த அந்த முடியின் படம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஊர் முழுக்கச் சுற்றி, ஒட்டுக்கடை மேசைகளில் முதல் நாள் புலியாகவும் மறுநாள் கருஞ்சிறுத்தையாகவும் மூன்றாம் நாள் யாரோ தொலைத்த அல்சேஷன் நாயாகவும் மாறி, கடைசியில் என் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே இந்த இதழில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நீரிழிவைப் பற்றியும் சந்திர கிரகணத்தைப் பற்றியும் கேட்டிருந்தவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: வணக்கம் ஐயா. அந்த முடியைக் கண்டெடுத்தவன் நான்தான். என் கொட்டகையில் ஆடு எதுவும் குறையவில்லை. முடியைக் கையால் எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு, ஐஸ்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பார்த்த மாத்திரத்தில் இன்ன விலங்கு என்று சொல்ல முடியுமா? (செம்பனைச் சிறுதோட்டக்காரர், சுங்கை சிப்புட்)

பதில்: ஓரளவுக்குச் சொல்லலாம், ஆனால் எது இல்லை என்று சொல்வதுதான் எளிது. விலங்கின் உடம்பில் இரண்டு வகை முடி உண்டு. வெளியே தெரிகிற நீண்ட, விறைப்பான மேல்முடி ஒன்று. அதற்கு அடியில் பஞ்சு போல அடர்ந்திருக்கும் மெல்லிய அடிமுடி மற்றொன்று. அடையாளம் காண உதவுவது மேல்முடிதான். அடிமுடி எல்லா விலங்கிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், தங்கள் படத்தில் தெரியும் சாம்பல் நிறப் பஞ்சைப் பார்த்துப் புலி என்று சத்தியம் செய்தவர்களை நான் நம்பப்போவதில்லை. முடி தடித்து விறைத்து, நுனி இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்திருந்தால் அது காட்டுப்பன்றி. செம்பனைத் தோட்டத்து வேலியில் சிக்குவதற்கு அதைவிட வாய்ப்புள்ள விலங்கு நம் பக்கத்தில் இல்லை. முடி மடக்கென்று வளைத்தால் உடைந்துபோகிறது என்றால் மான் வகையாக இருக்கலாம். மானின் முடிக்குள் பெரும்பகுதி தேன்கூட்டைப் போன்ற வெற்றறைகளே என்பதால் அது முறுக்குப் போல நொறுங்கும்.

இதற்கு மேல் போக வேண்டுமானால் நுண்ணோக்கி வேண்டும். முடியின் மேற்பரப்பில் ஓட்டு வீட்டுக் கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்கள் இருக்கின்றன. அவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். அதைப் பார்க்க ஆய்வுக்கூடங்களில் செய்யும் வேலை நம் வீட்டுப் பெண்களுக்குப் பழக்கமான ஒன்றுதான். கண்ணாடித் துண்டில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, அது காய்வதற்கு முன் முடியை அதன்மேல் படுக்க வைத்து, காய்ந்த பின் மெதுவாக உரித்தெடுத்தால், செதில்களின் அச்சு பூச்சில் பதிந்திருக்கும். அந்த அச்சையும், முடியின் நடுவே ஓடும் மையத்தண்டு எவ்வளவு அகலம் என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மனித முடியில் மையத்தண்டு முடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. விலங்குகளில் அது பாதியையும் தாண்டும். இவ்வளவும் பார்த்த பிறகு பூனைக் குடும்பம் என்று சொல்லிவிட முடியும். அந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளை என்று துணிந்து சொல்வதற்குப் பெரும்பாலும் டி.என்.ஏ. சோதனைதான் வழி.

அந்தச் சோதனைக்குத் தாங்கள் கொஞ்சம் இடைஞ்சல் செய்துவிட்டீர்கள். கையால் எடுத்ததில் தங்கள் டி.என்.ஏ.வும் அதில் ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக் பையும் குளிர்பெட்டியும் சேர்ந்தால் உள்ளே நீர் வியர்க்கும். ஈரத்தில் பூஞ்சையும் நுண்ணுயிரும் வளர்ந்து, இருக்கும் கொஞ்ச நஞ்ச டி.என்.ஏ.வையும் தின்றுவிடும். களத்தில் வேலை செய்கிறவர்கள் கையுறை அணிந்து, நெருப்பில் காட்டி ஆறவைத்த இடுக்கியால் முடியை எடுத்து, காகித உறையில் போட்டு, அந்த உறையைச் சிலிக்கா மணிகளோடு சேர்த்து மூடி வைப்பார்கள். புதுச் செருப்புப் பெட்டிக்குள் “சாப்பிடாதே” என்று எழுதிய சிறு பொட்டலம் ஒன்று வருமே, அதில் இருப்பவை அந்த மணிகள்தாம். ஒரு கம்பி முள்ளில் சிக்கியதை ஓர் உறையிலும், பக்கத்து முள்ளில் சிக்கியதை வேறோர் உறையிலும் போடுவார்கள். இரண்டும் இரண்டு விலங்கினுடையவையாக இருக்கலாம் அல்லவா? உறையின் மேல் நாள், நேரம், இடம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதெல்லாம் இருக்கும். உயரத்தை நீங்கள் எழுதவில்லை; அது முழங்கால் உயரமா, இடுப்பு உயரமா என்பது தெரிந்திருந்தால் ஒட்டுக்கடை வழக்கில் பாதி அன்றே தீர்ந்திருக்கும்.

கேள்வி: முடி இறந்த உயிரணுக்களால் ஆனது என்று எங்கள் உயிரியல் ஆசிரியை சொன்னார். இறந்ததில் டி.என்.ஏ. எப்படி இருக்கும் ஐயா? (படிவம் 5 மாணவி)

பதில்: ஆசிரியை சொன்னது சரி. நாம் முடி என்று சொல்லும் தண்டு கெரட்டின் என்ற புரதம். தண்டு வளர்ந்து வெளியே வரும்போது அதிலுள்ள உயிரணுக்களின் கரு சிதைந்துவிடுவதால், கருவுக்குள் இருந்த டி.என்.ஏ. தண்டில் மிகக் குறைவாகவும் துண்டு துண்டாகவும்தான் எஞ்சும். ஆனால் தோலிலிருந்து முடியைப் பிடுங்கினால் அடியில் வெள்ளையாக ஒரு சிறு குமிழ் வருகிறது. அந்த வேர்க்குமிழில் முழு உயிரணுக்கள் இருக்கின்றன. தானாக உதிர்ந்த முடியின் வேர் ஏற்கெனவே காய்ந்து சுருங்கியிருக்கும். ஆகவே, முள்கம்பி பிடுங்கிய முடிக்குத் தரையில் கிடந்த முடியைவிட மதிப்பு அதிகம்.

ஒரே ஒரு முடியிலிருந்து ஆளை அடையாளம் காணலாம் என்பது 1988-இல் நிறுவப்பட்டது. அதைச் சாத்தியமாக்கியது 1983-இல் காரி முல்லிஸ் கண்டறிந்த பி.சி.ஆர். முறை; அதற்காக அவர் 1993-இல் நோபல் பரிசு பெற்றார். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சியை விட்டு எடுத்தார்களே, அதே பி.சி.ஆர்.தான். நொய்யரிசி அளவுகூட இல்லாத டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் படியெடுத்துக் கோடிக்கணக்கில் பெருக்கித் தருவது அதன் வேலை.

பெருக்கிய பின் ஆய்வாளர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். முதலாவது, இது என்ன விலங்கு? அதற்கு, உயிரணுவில் கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணுறுப்பின் டி.என்.ஏ. போதும். தாய்வழியாக மட்டும் வரும் அந்த டி.என்.ஏ. ஓர் உயிரணுவிலேயே ஏராளமான படிகளாக இருப்பதால், வேரில்லாத தண்டிலும் அது எஞ்சியிருக்கும். இரண்டாவது, இது எந்தப் புலி? அதற்குக் கருவின் டி.என்.ஏ. வேண்டும். அதில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும்; எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அப்படிப்பட்ட பத்துப் பன்னிரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், அந்தப் புலிக்கு அடையாள அட்டை எண் கிடைத்தது போலத்தான். ஆணா பெண்ணா என்பதையும் அதே சோதனையில் பார்த்துவிடலாம்.

இதில் இரண்டு குழிகள் இருக்கின்றன. டி.என்.ஏ. மிகக் குறைவாக இருக்கும்போது, தாயிடமிருந்து வந்ததும் தந்தையிடமிருந்து வந்ததும் ஆகிய இரண்டு படிகளில் ஒன்று மட்டும் பெருகி மற்றது விடுபட்டுப் போகலாம். அப்போது ஒரே புலியின் இரண்டு முடிகள் இரண்டு வெவ்வேறு புலிகளைப் போலத் தோன்றி, காட்டில் இல்லாத ஒரு புலி கணக்கில் பிறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாதிரியையும் பல முறை திரும்பச் சோதித்து, ஒத்துவந்ததை மட்டுமே ஏற்பார்கள். மற்றொரு குழி பூனைக் குடும்பத்தின் சொந்தக் குறும்பு. அவற்றின் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.வில் ஒரு பகுதி முன்னொரு காலத்தில் உயிரணுக் கருவுக்குள் குடியேறி, அங்கேயே பழைய பிரதியாகத் தங்கிவிட்டது. வீட்டுப் பூனையில் இது 1994-இல் தெரியவந்தது. பெரும்பூனைகளிலும் இத்தகைய பிரதிகள் உண்டு. கவனமில்லாத ஆய்வுக்கூடம் அசலைப் படிப்பதாக நினைத்துக்கொண்டு பழைய பிரதியைப் படித்துவிடும்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் குப்பைமேனியை வேரோடு பிடுங்கினால் போதும், எங்கிருந்தோ பூனைகள் வந்து அதன்மேல் விழுந்து புரளுகின்றன. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா அதைக் கூச்சிங் காலாக் என்கிறார். காட்டில் புலி நடக்கும் வழியில் குப்பைமேனி வேரை வைத்தால் அதுவும் வந்து உரசி முடியைத் தராதா? (இல்லத்தரசி, தோட்டக் குடியிருப்பு)

பதில்: இம்மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உலகத்து ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளாகச் செய்துவருவதைத் தாங்கள் கொல்லைப்புறத்தில் நின்றே கண்டுபிடித்துவிட்டீர்கள். குப்பைமேனிக்குத் தமிழில் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. நம் முன்னோர்களும் அதே கொல்லையில் அதே காட்சியைப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் கரடியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த முறை நன்றாகப் பலித்தது அங்கேதான். வட அமெரிக்காவில் நான்கைந்து மரங்களைச் சுற்றி, தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு சுற்று முள்கம்பியைக் கட்டி, நடுவே அழுகிய மீனும் மாட்டு இரத்தமும் கலந்த குழம்பை ஊற்றி வைப்பார்கள். அது உணவாகாது, நாற்றம் மட்டும்தான். கரடி மோப்பம் பிடித்து வந்து கம்பிக்குக் கீழே நுழைந்தோ மேலே தாண்டியோ போகும்போது முதுகிலோ வயிற்றிலோ கொஞ்சம் முடி சிக்கும். அதற்கு வலியும் இல்லை, சிறைப்படுவதும் இல்லை. மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவையும் அதைச் சுற்றிய காடுகளையும் சேர்த்து 2004-இல் இப்படிச் செய்தபோது, ஒரு கரடியையும் பிடிக்காமல், 765 பழுப்புக் கரடிகள் இருப்பதாக மதிப்பிட முடிந்தது.

கரடி அடர்ந்த முடியும் அடங்காத பசியும் உடையது. பூனைக் குடும்பமோ அப்படியில்லை. வழவழப்பான உடம்பு, கம்பியைக் கண்டால் ஒதுங்கும் சுபாவம். ஆகவே பூனைகள் தாமாகச் செய்யும் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். கன்னத்தில் உள்ள சுரப்பிகளின் மணத்தை ஒரு பொருளில் பூசுவதற்காகப் பூனை தன் முகத்தை அதில் தேய்க்கும். கால்சட்டையில் வந்து உரசும் வீட்டுப் பூனை செய்வதும் அதைத்தான். வட அமெரிக்காவின் லிங்ஸ் பூனைக்கு, உள்ளங்கை அளவுக் கம்பளத் துண்டில் சிறு ஆணிகளைப் பதித்து, நீர்நாய் போன்ற பீவர் என்ற விலங்கின் சுரப்பி நீரையும் பூனைப்புல் (கேட்னிப்) எண்ணெயையும் தடவி மரத்தில் அடித்தார்கள். பக்கத்தில் ஓர் அலுமினியத் தட்டையும் தொங்கவிட்டார்கள், அது காற்றில் ஆடிப் பளபளக்கும்போது பூனை என்னவென்று பார்க்க வரும் என்பதற்காக. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஐரோப்பியக் காட்டுப்பூனைக்குச் சொரசொரப்பான மரக்குச்சியை நட்டு, அதில் வலேரியன் வேரின் சாற்றைத் தெளிக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் சடாமாஞ்சிலுக்கு அது உறவு. இனச்சேர்க்கைக் காலமான குளிர்மாதங்களில் காட்டுப்பூனைகள் அதில் வந்து தேய்த்துத் தேய்த்து முடியை விட்டுச் செல்கின்றன. பூனைக் குடும்பத்தில் இந்த முறைக்குக் கிடைத்த நல்ல வெற்றி இதுவே.

பூனைகளை இப்படி மயக்கும் செடிகளில் பூனைப்புல்லின் நெப்பெட்டாலக்டோனும் அதன் உறவுப் பொருள்களும் முக்கியமானவை. அவை கொசுவை விரட்டவும் செய்கின்றன என்றும், பூனை அவற்றில் புரளுவதற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021-இல் காட்டினார்கள். சிங்கமும் சிறுத்தையும் பூனைப்புல்லுக்கு ஓரளவு மயங்கும். புலி பெரும்பாலும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பெரிய பூனைகள் சிலவற்றுக்கு வேறொரு மணம் பிடித்திருக்கிறது. நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 2003-இல் பலவகை மணங்களை வைத்துப் பார்த்தபோது, கால்வின் கிளைன் நிறுவனத்தின் ‘அப்செஷன் ஃபார் மென்’ என்ற வாசனைத் திரவியம் சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலிகளை வெகுநேரம் நிறுத்திவைத்தது. பிறகு குவாத்தமாலா காட்டில் ஜாகுவார்களைக் கேமராவின் முன் நிற்கவைக்கவும் அதைத் தெளித்தார்கள். கோவில்களில் சாமிக்குச் சாத்தும் புனுகின் மணத்தைத் தரும் சிவெட்டோன் என்ற பொருள் அதில் இருப்பதே காரணம் என்று சொல்லப்படுகிறது. 2018-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் ஆட்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட ஒரு பெண்புலியைப் பிடிக்கவும் இதே திரவியத்தைப் பயன்படுத்தினார்கள். அந்தப் புலி கடைசியில் சுட்டுக் கொல்லப்பட்டது.

இனித் தங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் காட்டில் குப்பைமேனி வேரை வைத்தால் முதலில் வருவது சிறுத்தைப் பூனையாகத்தான் இருக்கும். புலிக்காக இப்படிக் காத்திருப்பது பலன் தராது என்பது என் கருத்து. தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் 1998 முதல் 2001 வரை கேமரா வைத்துக் கணக்கெடுத்தபோது 100 சதுர கிலோமீட்டருக்கு இரண்டு புலிகூடத் தேறவில்லை. அவ்வளவு பெரிய காட்டில் ஒரு புலி, கைக்குட்டை அளவு கம்பளத்தின் பக்கமாக வந்து, மழையில் கரைந்தது போக எஞ்சிய மணத்தை முகர்ந்து, மனம் வைத்து உரச வேண்டும். உரசிய முடியை நம் வெயிலும் ஈரமும் கெடுப்பதற்கு முன் யாராவது போய் எடுக்க வேண்டும். புலிகள் வாழும் நாடுகளில் டி.என்.ஏ.வுக்காகப் பெரிதும் நம்புவது அவற்றின் எச்சத்தை, அதாவது மலத்தைத்தான். முடியை வரவழைப்பதைவிட, புலி தானாக விட்டுச் சென்ற இடத்தில் தேடுவதே பயன் தருகிறது: படுத்தெழுந்த இடம், நகம் கீறிய மரம், இரை கிடந்த இடம். புலி தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதால் அதன் முடி அதன் எச்சத்திலேயே கிடைப்பதும் உண்டு. மான், பன்றி முடிகளுக்கு நடுவில்.

கேள்வி: இந்தக் காலத்தில் முடியைத் தேடி அலைவானேன்? கேமரா வைத்தால் போதாதா? (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி)

பதில்: புலிக்குப் போதும். மனிதக் கைரேகை போலப் புலியின் வரி ஒன்றுக்கொன்று வேறுபடும். இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறு என்பதால் பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா வைப்பார்கள். மலேசியாவில் 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின் முதுகெலும்பு கேமராதான்; 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருக்கின்றன என்ற முடிவு அதிலிருந்து வந்தது. 1950-களில் 3,000 என்று மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை இது. கர்நாடகத்தின் பந்திப்பூரில் கேமராவையும் எச்சத்தின் டி.என்.ஏ.வையும் அருகருகே வைத்துப் பார்த்து 2009-இல் வெளியான ஆய்வில் இரண்டு கணக்குகளும் நெருங்கியே வந்தன.

ஆனால் நம் தீபகற்பத்துச் சிறுத்தை கேமராவைத் திணற அடிக்கும். தாய்லாந்தில் தீபகற்பம் மிகக் குறுகும் இடமான கிரா பூசந்திக்குத் தெற்கே இருப்பவை ஏறத்தாழ எல்லாமே கருஞ்சிறுத்தைகள். ஒரு கருப்பைப் பார்த்து இன்னொரு கருப்பிலிருந்து பிரிப்பது எப்படி? திரெங்கானுவின் கென்யிர் பகுதியில் ஆய்வு செய்தவர்கள் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். கேமராவின் ஒளி உணரியை மறைத்துவிட்டால், அது எப்போதும் இரவு என்று நினைத்துக்கொண்டு அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கும். அந்த ஒளியில், கருப்பு முடிக்குள் ஒளிந்திருக்கும் சிறுத்தைப் புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. 2015-இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பின் கருஞ்சிறுத்தையையும் ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது. இருந்தாலும், எது எதன் குட்டி, இரண்டு காடுகளுக்கு இடையே போக்குவரத்து இருக்கிறதா, நெடுஞ்சாலை குறுக்கே வந்த பின் உறவு அறுந்ததா என்ற கேள்விகளுக்கு எந்தப் படமும் பதில் சொல்லாது. அங்கேதான் முடி வேண்டும். பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் பங்குகொண்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வொன்று, உதிர்ந்த புலி முடியிலிருந்து முழு மரபுத்தொகையையே, அதாவது டி.என்.ஏ. முழுவதையுமே படிக்கலாம் என்று காட்டியது. எச்சத்தில் பெரும்பகுதி நுண்ணுயிரின் டி.என்.ஏ.வும் இரையின் டி.என்.ஏ.வும்தான், முடியில் கிடைப்பதோ பெரும்பாலும் புலியினுடையதே.

கேள்வி: புலி மீசையைப் பொடியாக நறுக்கிப் பாலில் கொடுத்தால் ஆள் மெலிந்து சாவான் என்று என் தாத்தா சொல்வார். முடியைத் தொட்டவர்களுக்கு ஏதாவது ஆகுமா? (வாசகர், தஞ்சோங் ரம்புத்தான்)

பதில்: ஆகாது. மீசையும் முடியும் நம் நகம் போலக் கெரட்டின்தான், அதில் விஷமில்லை. ஆபத்து சட்டத்தில் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி (சட்டம் 716) புலி முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. அதன் உடற்பாகங்களைச் சிறப்பு அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். 2022 திருத்தத்துக்குப் பின் அச்சட்டத்தின் உச்சத் தண்டனைகள் ஒரு மில்லியன் ரிங்கிட் அபராதம், பதினைந்து ஆண்டுச் சிறை என்ற அளவுக்கு உயர்ந்திருக்கின்றன. தாத்தா விட்டுச் சென்ற புலிநகப் பதக்கத்தை அலமாரியில் வைத்திருப்பவர்களும் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: இனமும் உறவும் தவிர முடியிலிருந்து வேறு என்ன தெரியும்? (தமிழ்ப்பள்ளி ஆசிரியர்)

பதில்: அது என்ன தின்றது என்பது தெரியும். முடி வளரும்போது, அந்த நாள்களில் உண்ட உணவின் சுவடு அதில் படிந்துகொண்டே வருகிறது. லாலாங் புல்லும் சோளமும் காற்றிலிருந்து கரியை (கார்பனை) எடுத்துக்கொள்ளும் முறை வேறு, காட்டு மரங்கள் எடுத்துக்கொள்ளும் முறை வேறு; ஆகவே புல் மேய்ந்த மாட்டின் இறைச்சியிலும் காட்டுத் தழை தின்ற மானின் இறைச்சியிலும் கரியின் இரண்டு ஐசோடோப்புகள் (எடை மட்டும் மாறுபடும் வகைகள்) வெவ்வேறு விகிதத்தில் இருக்கும். அதைத் தின்ற விலங்கின் முடியில் அந்த விகிதம் பதிவாகும். புளோரிடாவின் பூமாக்களில் பாதரசம் ஏறியிருப்பதை அவற்றின் முடியை வைத்துத்தான் கண்காணிக்கிறார்கள்.

இதற்கு நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1898-இல் கென்யாவின் சாவோ ஆற்றில் பிரிட்டிஷார் ரயில் பாலம் கட்டியபோது, இரண்டு ஆண் சிங்கங்கள் இரவு தோறும் கூடாரங்களில் புகுந்து தொழிலாளர்களை இழுத்துச் சென்றன. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட இந்தியர்கள். நம் பாட்டன்மார் மலாயாவில் ரப்பருக்குக் காடு அழித்துக்கொண்டிருந்த அதே ஆட்சிக் காலம். சிங்கங்களைச் சுட்ட பேட்டர்சன் என்ற அதிகாரி 135 பேர் இறந்ததாக எழுதினார். அவற்றின் உடல்கள் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2009-இல் அவற்றின் முடியையும் எலும்பையும் ஐசோடோப்பு முறையில் ஆராய்ந்தவர்கள், இரண்டும் தின்றது ஏறத்தாழ 35 பேரை என்று கணக்கிட்டார்கள். எலும்பு வாழ்நாள் முழுவதற்குமான சராசரியைச் சொன்னது. முடி கடைசி மாதங்களைச் சொன்னது. 2024-இல் வேறொரு குழு, அதே சிங்கங்களின் உடைந்த பற்களின் குழியில் நூற்றாண்டுக்கும் மேலாகச் சிக்கிக் கிடந்த முடித்துணுக்குகளை எடுத்து டி.என்.ஏ. படித்தது. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் போன்ற விலங்குகளின் முடி அதில் இருந்தது. மனித முடியும் இருந்தது. கூலிக் கணக்கேட்டில் ஒரு வரிக்கு மேல் இடம்பெறாத யாரோ ஒருவர் அவர்.

கேள்வி: முடியை வைத்துத்தான் முடிவு என்றால், மிருகக்காட்சிச் சாலையில் கொஞ்சம் முடியை வாங்கிக்கொண்டு வந்து வேலியில் மாட்டிவிட்டு, எங்கள் தோட்டத்தில் புலி என்று யாரும் சொல்லிவிடலாமே? (வாசகர், கோலகங்சார்)

பதில்: சொல்லலாம், அப்படி ஒரு வழக்கு அமெரிக்காவையே உலுக்கியிருக்கிறது. மேலே சொன்ன லிங்ஸ் கணக்கெடுப்பில், வாஷிங்டன் மாநிலத்தில் பணியாற்றிய அரசு ஊழியர்கள் சிலர் கூண்டில் வளர்ந்த லிங்ஸின் முடியைக் காட்டில் எடுத்த மாதிரிகளோடு சேர்த்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி 2001 டிசம்பரில் வெளிவந்தது. ஆய்வுக்கூடம் சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று சோதிக்கவே அப்படிச் செய்தோம் என்றார்கள் அவர்கள். காட்டில் மரம் வெட்டுவதைத் தடுப்பதற்காகச் செய்த மோசடி என்றார்கள் எதிர்த்தரப்பினர். மறு ஆண்டு நாடாளுமன்றக் குழு வரை போனது அந்த விவகாரம். அவர்கள் சொன்ன காரணத்தை நம்பலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தைச் சோதிப்பதென்றால் அதற்கு முறை உண்டு. கணக்கெடுப்பை நடத்துபவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்ய வேண்டும். முடி பொய் சொல்லாது, எங்கிருந்து வந்தது என்று அதனிடமே கேட்கவும் முடியாது. அதைச் சொல்ல வேண்டியது உறையின் மேல் உள்ள எழுத்து. அந்த உறை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு.

கேள்வி: ஐயா, முதல் கேள்வி கேட்டவரின் மனைவி எழுதுகிறேன். அந்தப் பை இரண்டு வாரமாகச் சம்பால் டப்பாவுக்கும் இஞ்சிப் பூண்டு விழுதுக்கும் நடுவில் இருக்கிறது. எப்போது எடுக்கலாம்?

பதில்: இன்றே எடுத்துவிடுங்கள் அம்மா. பையைத் திறந்து, முடியைக் கை படாமல் ஒரு புதிய காகித உறைக்குள் சரித்து, அதை இன்னொரு உறையில் இரண்டு மூன்று செருப்புப் பெட்டிப் பொட்டலங்களோடு போட்டு மூடுங்கள். கண்டெடுத்த நாளையும் இடத்தையும் உங்கள் கணவரைக் கொண்டு மேலே எழுதச் செய்து, வனவிலங்கு, தேசியப் பூங்காக்கள் துறையின், அதாவது பெர்ஹிலித்தானின் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கி வரச் சொல்லுங்கள். வேலியில் இனி ஏதாவது சிக்கினால் அதைத் தொடாமல், பக்கத்தில் ஓர் இருபது காசைப் பிடித்து அளவு தெரியும்படி ஒரு படமும், கம்பியின் உயரம் தெரியும்படி தள்ளி நின்று இன்னொரு படமும் எடுத்து, அதே அலுவலகத்துக்கு அனுப்பட்டும். ஐஸ்பெட்டித் தட்டை வெந்நீரில் துடைத்துவிடுங்கள். சம்பாலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.